பின்சீட்டுக்கு அடியில் கேட்ட சத்தம்

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஃபில்டர்காரர் என்றால்தான் தெரியும். வீட்டுக்கு வீடு போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்பதும், விற்ற மிஷின்களுக்கு வருஷா வருஷம் ஃபில்டர் மாற்றிக் கொடுப்பதும் அவர் தொழில். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் எனக்கும் அவர் வெறும் ஃபில்டர்தான்.

அவர் மிஷின் விற்கும் அழகைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பார். அதன்மேல் புத்தம் புது ஃபில்டர் ஒன்றை வைப்பார். பக்கத்தில் யார் வீட்டிலிருந்தோ கழற்றி வந்த பழையது ஒன்றை வைப்பார். அது சேற்றில் புரண்டெழுந்த மாதிரி இருக்கும். வாயே திறக்க மாட்டார். வீட்டுக்கார அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறவரை காத்திருப்பார். பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில், "இதைத்தாம்மா உங்க பிள்ளைங்க குடிக்குதுங்க" என்பார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிடும். சுருங்கின முகத்துக்கு எதையும் விற்றுவிடலாம்.

ஆக, நாலு பேரை வெட்கப்பட வைப்பதுதான் அத்தானின் பிழைப்பு. அதில் அவர் கில்லாடி. ஆனால் தான் வெட்கப்படுவது என்றால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. சட்டையில் குழம்பு சிந்திவிட்டால்கூட, அந்த டிசைனே அப்படித்தான் என்று சாதிக்கிற ஆள்.

எங்கள் தெருமுனையில் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அங்கேயும் அத்தான் மாட்டிக் கொடுத்த மிஷின் ஒன்று உண்டு. ஒரு தடவை ஃபில்டர் மாற்றப் போனவர், உள்ளே இருந்த அழுக்கைப் பார்த்துவிட்டு, வண்டி விட வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஒர்க்‌ஷாப்காரரைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். "ஊர் வண்டிக்கெல்லாம் ஃபில்டர் மாத்தறீங்க. நீங்க குடிக்கிற தண்ணிக்கு மாத்தத் தோணலையா? மெக்கானிக்னு போர்டு வேற!" ஒர்க்‌ஷாப்காரர் கையைத் துடைத்துக்கொண்டே அசட்டுச் சிரிப்பு சிரித்தார். வீட்டுக்கு வந்து இதை அத்தான் நடித்துக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், வேலை செய்யற இடத்துல வெச்சு அந்த மனுஷனை இப்படிச் சொல்லியிருக்க வேணாம்" என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டார். காலி டம்ளரைப் பார்ப்பார், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். கீழ் வீட்டில் அவரும் நானும். மாடி வீட்டில் அக்காவும் அத்தானும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், அக்கா பள்ளிக்கூடத்து ஆபீஸில்.

அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது டாக்டர் சொன்னது எங்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அத்தான்தான் புரியவைத்தார். "மாமாவுக்கு உள்ள இருக்கற ஃபில்டர் போயிடுச்சு. ரத்தத்தை வெளிய எடுத்து, மிஷின்ல சுத்தம் பண்ணி, திரும்ப ஏத்தறாங்க. அவ்வளவுதான் விஷயம்." வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளும் தவறக் கூடாது. டாக்ஸி பேசலாமா என்று நான் கேட்டேன். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒருத்தன் கார் வெச்சுக்கிட்டு இருக்கேன். மாமாவை டாக்ஸியில அனுப்பினா பாக்கறவங்க என்னைக் காறித் துப்ப மாட்டாங்களா?"

சொன்னபடியே செய்தார். காலையில் அப்பாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார். அவர் படுத்திருக்கும் நேரத்தில் ஊரெல்லாம் சுற்றி ஃபில்டர் மாற்றுவார். மதியம் திரும்ப வந்து, வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து ஏற்றுவார். அப்பாவுக்குப் பின்சீட்டுதான். முன்சீட்டில் டெமோ மிஷின் பெல்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

அந்தக் காருக்கு வயதாகிவிட்டது. பெட்ரோல் முள் எந்நேரமும் அடியில்தான் கிடக்கும். டாங்கி நிறையப் போட்டால் வண்டிக்கு வீண் கனம் என்பது அத்தானின் கொள்கை. சிவப்பு விளக்கு எரிந்தால்தான் பங்க் இருக்கிற திசையையே பார்ப்பார். பெட்ரோலுக்கும் ஒரு ஃபில்டர் உண்டு. அதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். அத்தானுடைய காரில் அதை ஒரு முறைகூட மாற்றியதில்லை. ஊரில் உள்ள அத்தனை ஃபில்டரும் மாற்றியவர், இதை மட்டும் விட்டுவிட்டார்.

முதலில் மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறியது. பிறகு பின்பக்கத்திலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி ஒரு இரைச்சல் வர ஆரம்பித்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் மதிய வெயிலில், ஆஸ்பத்திரி வாசலில், அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் சுற்றுகிறதே தவிர வண்டி பிடிக்கவில்லை.

பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப் பின்சீட்டுக்கு அடியில், டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. அதன் மோட்டார் தேய்ந்துபோய், சூடாகிவிட்டால் சுற்ற மறுத்தது. யாரோ ஒரு டாக்ஸி டிரைவர் சொன்ன வைத்தியம் அத்தானுக்கு நினைவு வந்தது. கீழே குனிந்து டாங்கியை இரண்டு தட்டுத் தட்டினால், சிக்கி நிற்கும் மோட்டார் அதிர்ச்சியில் கொஞ்சம் நகர்ந்துகொடுக்கும். தட்டினார். வண்டி கிளம்பியது. அடுத்த நாளே ஒரு ரப்பர் சுத்தியல் வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கலாம் இல்லையா? எப்படிப் போவார்? போய், "பெட்ரோல் ஃபில்டர் மாத்தாம விட்டுட்டேன், பம்ப் போயிடுச்சு" என்று அந்த மனுஷனிடமே சொல்ல வேண்டுமே. தெருவில் மானம் கப்பலேறிவிடும். ஆகவே யாருக்கும் தெரியாமல் காலம் தள்ளினார். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது ஒழுங்காகக் கிளம்பிவிடும் என்பதால் எங்களுக்கும் தெரியவில்லை. அடி எல்லாம் மதிய வெயிலில், ஆஸ்பத்திரி வாசலில்தான், சாவியைத் தொடுவதற்கு முன்பே. அப்பா என்ன ஆச்சு என்று கேட்டால், "டயர் பாத்தேன் மாமா" என்பார். அதற்குமேல் பேச்சில்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஓட்டுவார். அது தன்மேலேயே உள்ள எரிச்சல். அது அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் காலை அப்பா சட்டை மாற்றாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். "இன்னிக்குப் போகலம்மா. உடம்பு லேசா இருக்கு" என்றார். டைம் கீப்பர், கிளம்பும் நேரத்துக்கு முன்பே கேட்டில் போய் நிற்கிற மனிதர். நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன்.

"மாப்பிள்ளை பொழப்பு என்னால கெடுதும்மா."

"அத்தான் ஏதாவது சொன்னாரா?"

"சேச்சே. ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ்வளவு மரியாதை. ஆனா மனுஷன் எவ்வளவுதான் அடக்குவாரு?" தன் கையைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. "என்னை ஏத்தி உட்கார வெச்சுட்டு, பின்னால போய்க் குனிஞ்சு வண்டியை அடிக்கிறாரு. நான் உட்கார்ந்திருக்கற இடத்துக்கு நேர் கீழ. டம் டம்னு. ஒவ்வொரு தடவையும். எல்லாரும் பாக்கறாங்க. என்கிட்ட காட்ட முடியாத கோபத்தை வண்டிகிட்ட காட்டறாரு. அந்த அடி எனக்கு முதுகுல விழற மாதிரி இருக்கும்மா."

படியை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்குப் போனேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை எதுக்கு அடிக்கிறீங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பம்ப் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

"எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போறது உங்களுக்குப் பாரமா இருந்தா நேரா சொல்லுங்க. வயசான மனுஷனை உட்கார வெச்சுக்கிட்டு, கீழ இருந்து அடிச்சு பயமுறுத்தறீங்களா? இதைவிட அவரை நேரா ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்."

அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அத்தான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும்: பம்ப் ரிப்பேர், அதைத்தான் தட்டினேன். அந்த வாக்கியம் அவர் வாய்வரை வந்ததை இன்றைக்கு என்னால் யோசித்துப் பார்க்க முடிகிறது. அதை மென்று முழுங்கிவிட்டு, "ஏதோ டென்ஷன்ல தட்டியிருப்பேன். இனிமே அப்படி நடக்காது" என்றார்.

முட்டாள் என்று பெயர் எடுப்பதைவிட முரடன் என்று பெயர் எடுப்பது மேல் என்று அந்த நேரத்தில் தோன்றியதாம். பின்னால் அவரே அக்காவிடம் சொல்லி அழுதார்.

நான் வெற்றி வீராங்கனை மாதிரி கீழே இறங்கி வந்தேன். "அத்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டாருப்பா. இனிமே அடிக்க மாட்டாரு." அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் இன்னும் வாடியது.

"அப்போ நிஜம்தானா?" என்றார். அதுவரை தான் நினைத்தது தப்பாக இருக்கும் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அன்று அவர் போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றால், "வேணாம். மாப்பிள்ளையை ஊரறிய அவமானப்படுத்தற மாதிரி ஆயிடும்" என்றார். அக்கா கெஞ்சினாள், நான் கத்தினேன். அத்தான் கீழ் வீட்டு வாசல்வரை வருவார், கண்ணாடியில்லாமல் எழுத்தைத் தேடுகிறவர் மாதிரி கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார், "மாமா, போலாமா?" என்பார். "நீங்க உங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். திரும்பிப் போய்விடுவார். அப்பாவின் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. நல்லாத்தான் இருக்கிறாராம்.

அதற்கு அடுத்த நாள் மதியம் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தால் முடியவில்லை. நான் அத்தானுக்குப் போன் செய்தேன். எங்கேயோ ஒரு வீட்டில் மிஷினைப் பிரித்துப் போட்டது போட்டபடி அரக்கப் பரக்க வந்தார். வாசலில் வண்டியை அணைத்துவிட்டு ஓடிவந்து, அப்பாவை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்சீட்டில் உட்கார வைத்தார். சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை.

மறுபடி திருப்பினார். எஞ்சின் சும்மா சுற்றியது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அத்தான் இறங்கினார். பின்னாலிருந்து ரப்பர் சுத்தியலை எடுத்தார். தெருவில், மண்ணில், வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து, பின்சக்கரத்துக்கு அருகில் கையை உள்ளே விட்டு அடித்தார். டம். டம்.

திறந்திருந்த ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இழுத்தது.

"கோபப்படாதீங்க மாப்பிள்ளை. நான்... இறங்கிக்கிறேன்."

கதவைத் திறக்கக் கை தடவியது. நடக்கவே முடியாத மனிதர், இறங்கிக்கொள்கிறேன் என்கிறார்.

அத்தானின் கை அப்படியே நின்றுவிட்டது. மண்ணில் கிடந்த அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். எத்தனையோ வீட்டு மேஜைகளில் எத்தனையோ பேர் முகத்தை அவர் சுருங்க வைத்திருக்கிறார். அத்தனையும் சேர்ந்து அவர் முகத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

"கோபம் இல்ல மாமா!" என்று கத்தினார். "பம்ப் போயிடுச்சு மாமா! பெட்ரோல் பம்ப்! நான் அதைத்தான் அடிக்கிறேன்! உங்களை இல்ல மாமா!" ஜன்னல்களில் நின்ற தெரு முழுக்கக் கேட்டது. பிறகு என்னிடம், "நீ ஏறி சாவியைத் திருப்பு. நான் அடிக்கும்போது திருப்பு" என்றார்.

ஓடிப்போய் உட்கார்ந்தேன். அவர் அடித்தார், நான் திருப்பினேன். மூன்றாவது அடியில் வண்டி பிடித்துக்கொண்டது.

அப்பா பிழைத்தார். இன்னும் தாமதித்திருந்தால் நுரையீரலில் நீர் முழுக்க ஏறியிருக்கும் என்று டாக்டர் எங்களை நிற்க வைத்துத் திட்டினார். டயாலிசிஸை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். அத்தான் சட்டை முதுகில் தெரு மண்ணோடு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவை வார்டில் விட்டுவிட்டு, அன்றைக்கே அத்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். உண்மையில், போகிறாரா என்று பார்க்கப் போனேன். ஒர்க்‌ஷாப்காரர் பின்சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த மூடியைத் திறந்து, பம்பை வெளியே எடுத்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பெட்ரோல் ஃபில்டரையும் கழற்றினார். ஒரு தட்டில் அதைக் கவிழ்த்தார். காப்பி டிகாக்‌ஷன் மாதிரி ஒழுகியது. அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார்.

பிறகு ஒர்க்‌ஷாப்காரர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையில் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சார், நீங்களா? நீங்களா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வண்டி விட வந்திருந்த இரண்டு பேரும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். அத்தான் கைகட்டி நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். சிரித்து முடிந்ததும், "பழைய சாமானைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எனக்கு வேணும்" என்றார்.

அப்பா வீடு திரும்பிய அன்று மாலை, அத்தான் தன் பையோடு கீழே வந்தார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணியை விரித்தார். ஒரு புதுப் பெட்ரோல் ஃபில்டரை வைத்தார். பக்கத்தில் பழையதை வைத்தார். அதற்குப் பக்கத்தில் கருத்துப்போன பம்பையும், ரப்பர் சுத்தியலையும் வைத்தார். வழக்கம்போலக் காத்திருக்கவில்லை.

"இதுதான் மாமா நான் ஓட்டின வண்டி" என்றார். குரலில் அந்தத் துக்க வீட்டு ராகம் இல்லை. "இந்தப் பம்ப் பெட்ரோலுக்குள்ள முழுகியே இருக்கணும். அந்தப் பெட்ரோல்தான் அதோட சூட்டைத் தணிக்கும். டாங்கி கால்வாசிக்குக் கீழ போக விடவே கூடாது. நான் எப்பவும் அடியிலேயே ஓட்டிக் காய வெச்சுட்டேன். இந்த ஃபில்டர் அடைச்சுக்கிச்சு, பம்ப் முக்கி முக்கித் தள்ளித் தேஞ்சு போச்சு. மேட்டுல திணறிச்சு, பின்னால இரைஞ்சுது. அப்பவே காட்டியிருந்தா ஃபில்டரோட போயிருக்கும். எனக்கு எல்லாம் தெரியும் மாமா. அந்த மெக்கானிக் சிரிப்பானேன்னு போகல. அன்னிக்கு இவ மாடிக்கு வந்து கேட்டப்பவும் சொல்லல. நீங்க உயிரை விட இருந்தீங்க, நான் சிரிப்புக்குப் பயந்துகிட்டு..."

அப்பா சுத்தியலைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்வையை மேஜையிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"என்னைக் கூட்டிட்டுப் போறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா மாப்பிள்ளை?"

இல்லவே இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"கஷ்டம்தான் மாமா" என்றார் அத்தான். "சில நாள் ரொம்பவே கஷ்டம். ஆனா அதுக்காக ஒரு நாளும் நான் வண்டியை அடிக்கல."

அப்பா தலையாட்டினார். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.

மறுநாள் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். மதியம் ஆஸ்பத்திரி வாசலில் அதே வெயில். அத்தான் அப்பாவை ஏற்றிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் அப்பாவின் பக்கத்தில். புது பம்ப், புது ஃபில்டர், டாங்கியில் முக்கால்வாசிக்கு மேல் பெட்ரோல். எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். இருந்தாலும் அவருடைய இரண்டு கையும் சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு, அடியிலிருந்து வரப்போகிற அடிக்காகத் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அத்தான் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். சாவியில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

அன்றையிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். அப்பா ஏறி உட்கார்ந்ததும், யார் கூட இருந்தாலும், யார் பார்த்தாலும், திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்து, "சாவி போடறேன் மாமா" என்பார். சாவியைப் பாதி திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் புது பம்ப் மெல்ல ஒரு முறை முனகி அடங்கும். அப்பா சீட்டைப் பிடித்த கையை விட்டதும் எஞ்சினைக் கிளப்புவார்.